மேலே அனுப்பியிருக்கு

அனுராதபுரச் சந்தியில் வலப்பக்கம் திரும்ப வேண்டும்.
எதிரே வரும் மணல் டிப்பருக்கும்
அதன் பின்னால் வரும் பஸ்ஸுக்கும் நடுவில்
ஒரு கார் நுழையலாம் என்கிறது கண்.
மிதிக்கிறேன்.

ஒன்றுமில்லை.

சத்தம் மட்டும் கொஞ்சம் ஏறுகிறது,
அடுப்பில் வைத்த கேத்தலைப்போல.
டிப்பர் போய்விட்டது.
பஸ்ஸின் முகம் பெரிதாகிறது,
நெற்றியில் பிள்ளையார், கீழே எலுமிச்சம்பழம்,
மிதிபலகையில் தொங்கும் கொண்டக்டரின் வாய்
திறப்பதுகூடத் தெரிகிறது.
அப்போதுதான்
மறந்த எதையோ நினைத்துக்கொண்டதுபோல்
துள்ளிப் பாய்கிறது என் வண்டி.

பின்னால் வந்த ஓட்டோக்காரன்
அம்மாவை இழுத்து ஏதோ சொன்னான்.
தமிழா சிங்களமா என்று பிரிக்க
நேரமிருக்கவில்லை.

பாலையூற்றில் அஸ்மீரின் கராஜ்.
ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகி
திரையை மடியில் வைத்துக்கொண்டு
"மிதியுங்க மிஸ்" என்றான்.
பச்சைக்கோடு என் கால்.
சிவப்புக்கோடு இஞ்சின்.
பச்சை மலையேறி உச்சியில் நிற்க
சிவப்பு இன்னும் அடிவாரத்திலிருந்து
சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தது.

"கேபிள் இருந்த காலம் வேற மிஸ்.
கால் இழுத்தா அங்க திறக்கும்.
இதில நீங்க மிதிக்கிறேல்ல,
விண்ணப்பம் குடுக்கிறீங்க.
உள்ளுக்க ஒருத்தன் இருக்கான்.
அத வாசிச்சு, கியர்ப்பெட்டிக்கிட்ட கேட்டு,
பெற்றோல் வீண்போகுமா, புகை கூடுமா எண்டு பாத்து
பொறகுதான் கையெழுத்து வைப்பான்."

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று
அவனுக்குத் தெரியாது.

கச்சேரி. காணிக் கிளை. மூன்றாவது மேசை.
காற்றாடிக்குப் பறக்காமல்
கோப்புகளின் மேல் நிலாவெளியில் பொறுக்கிய கல்.
திரியாயிலிருந்து இரண்டு பஸ் ஏறி
மாதம் ஒருமுறை நல்லநாதன் வருவார்.
பொலித்தீன் பைக்குள் வரைபடம்,
பென்சிலால் திருத்திய எல்லை.
நான் நிமிர முந்தியே
வாய் சொல்லிவிடும்:
மேலே அனுப்பியிருக்கு ஐயா.

பொய்யில்லை.
மேலே என்பது எந்த மேசை என்றுதான்
எனக்கும் சரியாகத் தெரியாது.

அஸ்மீர் காற்றுவாயைக் கழற்றித் துடைத்தான்.
பெருவிரல் அடையாளம் வைத்தவர்கள்
கை துடைத்த துணிபோல் ஆனது அவன் துணி.
கியர் ஓயில் நேற்றைய பிளேன்டீ நிறத்தில் வடிந்தது.
பற்றறியைக் கழற்றி அரைமணித்தியாலம் விட்டான்.
"பழைய ஓனர்ட கால் இதுக்குள்ள பதிஞ்சி கிடந்திச்சி.
மெல்லமா ஓடின ஆள் போல.
அழிச்சிட்டன்.
இனி உங்கட காலப் பழகும். ஒரு கிழமை குடுங்க."

ஒசாகாவோ நகோயாவோ.
நான் பார்த்திராத ஒரு கால்.
காலை எட்டரைக்கு எங்கும்
விரல் பதிக்கத் தேவையில்லாத கால்.
ஏழு மாதமாய் அதனிடம் கேட்டுக் கேட்டுத்தான்
உவர்மலை ஏறியிருக்கிறேன்.

சாவியைத் திருப்பியதும் வழமைபோல
ஜப்பானியப் பெண்குரல் எதையோ நினைவூட்டியது.
அதை அழிக்கத் தனிக் காசாம்.
இருக்கட்டும் என்றேன்.

திங்கட்கிழமை.
கோட்டை வாசலடியில் மானொன்று
வீதியில் நின்று வாழைப்பழத்தோல் மென்றது.
அது முடிக்கும்வரை நின்றேன். பிறகு மிதித்தேன்.
அரைச் செக்கன் குறைந்திருக்கிறது.
அல்லது நான்
கொஞ்சம் முந்தி மிதிக்கப் பழகிவிட்டேன்.

மேசைக்கு முன்னால் நல்லநாதன்.
பை ஏற்கெனவே திறந்திருந்தது.
என் வாயும் திறந்தது,
ஆனால் சொல் வரவில்லை.
ஏதோ ஒன்று உள்ளே
வாசித்துக்கொண்டிருந்தது.

அவர் பொறுத்துப் பார்த்தார்.
பிறகு என் வேலையை லேசாக்குவதுபோல்
தானே கேட்டார்:
"மேலே அனுப்பியிருக்கோ பிள்ளை?"

கல்லைத் தூக்கினேன்.
முதல் தாள் எழும்பி
பக்கத்து மேசைக்குப் போனது.